இருதயத்தில் பழுதில்லை

என் கணவர் எனக்கு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அவர் பாவாதான். சண்டை முடிந்து பர்மாவிலிருந்து திரும்பி, திருத்தணி ஸ்டேஷனில் இறங்கிய அன்று அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. போகும்போது ஒல்லிக்குச்சி. வந்தவருக்குக் கன்னம் உப்பியிருந்தது. பட்டாளத்துச் சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று பூரித்துப்போனேன். என்னைப் போல ஒரு மட்டி உண்டா? சாயங்காலத்துக்குள் கன்னம் வடிந்து, வீக்கம் காலுக்கு இறங்கிவிட்டது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

வைத்தியர் பார்த்துவிட்டுக் குண்டிக்காய் கெட்டிருக்கிறது என்றார். சிறுநீரகம் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் வாயில் வராது. ஆட்டுக்கானாலும் ஆளுக்கானாலும் குண்டிக்காய்தான். பட்டாளத்தில் வந்த நோய் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டால் மதராஸில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள், பென்ஷனும் உண்டு என்று கூட இருந்த சிப்பாய்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பென்ஷன் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை நாங்கள் சேர்ந்து மலையேறுவோம். இரண்டாவது மண்டபத்தில் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன். முன்னால் போனவர் இறங்கி வந்து என்னைக் கேலி செய்வார். அந்தக் கேலி எனக்குத் திரும்ப வேண்டும். என் ஆசையெல்லாம் அதுதான்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆபீஸ் வாசலில் ஒருவர் மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். சுத்தத் தெலுங்குக்காரர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"ஏம் ஜப்பு?" என்றார். என்ன நோய் என்று கேட்கிறார்.

"குண்டிக்காய்ங்க" என்றார் பாவா.

"குண்டெகாயா?"

"ஆங்."

அவ்வளவுதான் பேச்சு. மளமளவென்று எழுதி நீட்டினார். பாவா கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் தெலுங்கும் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு எங்கள் காதில் எங்கள் நோயின் பேர்தான் விழுந்தது.

பிறகு டாக்டர் கூப்பிட்டுச் சோதித்தார். மார்பில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். காலை அவர் பார்க்கவே இல்லை. வெளியே வந்த பாவா, "காலுல இருக்கற நோவுக்கு மார்ல இன்னா தேடறான்?" என்றார். டாக்டருக்குத் தெரியாதா என்று நான்தான் அவரை அடக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மிஷன் பள்ளி டீச்சரம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துவிட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இருதயத்துல பழுதில்லை, மனு தள்ளுபடின்னு போட்டிருக்குது. உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல நோவுன்னு யாரும்மா எழுதினது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் குண்டெகாய என்றால் இருதயம்! தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "பாவா, உங்க நெஞ்சுல பழுதே இல்லையாம். சர்க்காரே முத்திரை குத்திக் குடுத்துட்டான்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீக்கம் அதற்குள் முழங்கால் வரை ஏறியிருந்தது.

அப்பீலை டீச்சரம்மா எழுதித் தருவதாகச் சொன்னார். ஆனால் நோய் பட்டாளத்தில்தான் வந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள் என்றார். பாவாவின் பட்டாளக் காகிதங்களில் இந்த நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பர்மாவிலிருந்து எழுதி, அவர் வந்த பிறகே வந்து சேர்ந்த அவருடைய கடைசிக் கடிதம் என் தகரப் பெட்டியில் இருந்தது. பேசுகிறபடியே எழுதுவார்:

"மழையில நனைஞ்சிகினே கெடந்து ஜொரம் வந்துச்சு. அதுலேர்ந்து காத்தால பூட்ஸ் ஏற மாட்டேங்குது, அவ்ளோ வீக்கம். டாக்டர்கிட்ட சொல்லல. சொன்னா ஆஸ்பத்திரியில போட்டுடுவான், ஊருக்கு வர்ற கப்பல் தப்பிடும். ரெண்டாவது மண்டபத்துல உக்காந்துகினு மூச்சு வாங்குவியே, அந்தச் சத்தம் கேக்கணும் போல இருக்குது. அது கேட்டா எல்லாம் சரியாப்பூடும்."

இதுதான் அத்தாட்சி என்றேன். பாவா ஒப்பவில்லை.

"வேணாம்மே. மறைச்சேன்னு நானே காட்டிக் குடுத்தாப்ல ஆவும். கண்டவன் படிக்கறதுக்கா உனக்கு எழுதினேன்?"

"படிச்சா படிச்சிட்டுப் போறான்! எனக்கு நீங்க வேணும், காயிதம் வேணாம்."

தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

டீச்சரம்மா கடிதத்தை வரிவரியாக இங்கிலீஷில் எழுதினார். மண்டபம் வந்ததும் நிமிர்ந்து, "இதையும் எழுதட்டுமா?" என்றார். பாவா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒண்ணு விடாம எழுதுங்க டீச்சரம்மா" என்றேன். மூலக் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை. திரும்பி வரும் என்றல்லவா நினைத்தேன்.

இந்த முறை காலைப் பார்த்தார்கள், நீரைச் சோதித்தார்கள். அப்பீல் ஜெயித்தது. மதராஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சேர்த்தார்கள். வீக்கம் வடிந்து பாவாவின் பழைய முகம் கொஞ்ச நாள் எனக்குக் கிடைத்தது. அந்த ஆடிக் கிருத்திகைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மண்டபம் வரை ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. அன்றைக்கு மூச்சு வாங்கியது அவர். கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. செய்திருக்கலாம், அவருக்குப் பிடித்திருக்கும். அடுத்த கிருத்திகைக்கு அவர் இல்லை.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை எழுதினேன். பைலில் சேர்ந்த காகிதத்தைத் தர முடியாது என்று ஒரே ஒரு பதில் வந்தது. காயிதம் வேணாம் என்று கத்தியவள் நான்தான். அதில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவருடைய கோணல் கையெழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது. தகரப் பெட்டியில் இப்போது இருப்பது, இருதயத்தில் பழுதில்லை என்ற அந்தத் தள்ளுபடிக் காகிதம்தான்.

இன்றும் கிருத்திகைக்கு ஏறுகிறேன். இரண்டாவது மண்டபத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். வேண்டுமென்றே, கொஞ்சம் சத்தமாக.