துண்டுக்குக் கீழே ஐந்து விரல்

ஐம்பதுகளில் போடியில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தபோது எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவன் ஏலக்காய்த் தரகன். இன்னொருவன் மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே வருஷம் கணக்கில் தோற்றவர்கள். அதில் ஒருவன் கணக்கப்பிள்ளையாகவும், ஒருவன் நாள் முழுக்க விலை பேசுகிறவனாகவும், ஒருவன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவனாகவும் ஆனது எங்கள் ஊரின் பெருந்தன்மைக்கு அடையாளம்.

கணக்கப்பிள்ளை வேலையை வாங்கிக்கொடுத்தவன் நான். என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார்தான் தோட்டத்து முதலாளி. "ஆளு மேல தனியா இருந்துக்கிருவாரா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பேஷாக இருப்பான், தனிமை என்றால் அவனுக்கு உயிர் என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் தனியாக ஒரு காபி குடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

அவன் மலையேறி ஒரு மாதம் கழித்துத்தான், அதற்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவனைப் பற்றித் தெரிந்தது. பக்கத்து ஊரான சிலமலைக்காரன். இரண்டு மழைக்காலம் மேலே இருந்திருக்கிறான். இறங்கி வந்தவன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். என் சிநேகிதனும் அப்படி ஆகிவிட்டால் அவனை அனுப்பிவைத்த பாவி நான்தான். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே கவலைப்படுவது என்று முடிவு செய்தேன். கவலைக்குச் செலவு கிடையாது.

அவன் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இறங்குவான். காபி கிளப்பின் கடைசி பெஞ்சில் மூவரும் கூடுவோம். முதலில் அவரவர் பொழுதுபோக்கைப் பற்றிய அறிக்கை. தரகன் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவன். ஒரு பழைய பேரேட்டில் ஒட்டிவைத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வருவான். கணக்கப்பிள்ளை புல்புல்தாரா வாசிக்கிறவன். மலையில் கேட்பதற்கு அட்டைப்பூச்சிகள் மட்டுமே இருந்தபடியால் அவனுடைய வித்தை தங்குதடையில்லாமல் வளர்ந்துவருவதாகச் சொல்வான். நான் தபாலில் உடற்பயிற்சி கற்றுக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு பாடம் வரும். படத்தில் இருக்கிற ஆளுக்கு நாளுக்கு நாள் தோள் அகன்றுகொண்டே வந்தது.

அப்புறம் எப்படி இருக்கே என்ற கேள்வி. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு: "அதுக்கென்ன." அதிலிருந்து ஒரு மண்ணும் தெரியாது. ஆள் நன்றாக இருந்தாலும் அதுக்கென்னதான். வீடு பற்றி எரிந்தாலும் அதுக்கென்னதான்.

ஒரு சித்திரை மாதத்தில் தரகனுக்குத்தான் இது பொறுக்கவில்லை. "வாயால சொல்றது எல்லாம் விலையா மாப்ளே? துண்டப் போடு, பேசிப் பார்ப்போம்" என்றான்.

மாட்டுச் சந்தையிலும் ஏலக்காய்க் கடையிலும் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். வாய் ஊர்ச் சமாசாரம் பேசிக்கொண்டிருக்கும், துண்டுக்குக் கீழே ஒருவன் விரலை ஒருவன் பிடிப்பான். பிடித்த விரல்தான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவும் கூடாது. துண்டுக்குக் கீழே பேசியதை வெளியில் சொன்ன தரகனுக்கு மறுநாள் கடை வாசலில்கூட இடமில்லை.

இதைத்தான் எங்கள் மனசுக்குக் கொண்டுவந்தான். அடுத்தவன் கையில் நான் எத்தனை விரலைப் பிடிக்கிறேனோ அத்தனைதான் என் மனநிலை. ஐந்து என்றால் ராஜாவாக இருக்கிறேன். ஒன்று என்றால் ஒப்புக்கு நடமாடுகிறேன். தொழில் விதிகள் அப்படியே பொருந்தும்: இருவர் பேசும்போது மூன்றாமவன் தெருவைப் பார்க்கவேண்டும், பேசியது யாருக்கும் போகக் கூடாது.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. முதல் நாள் கணக்கப்பிள்ளை என் ஐந்து விரலையும் சேர்த்து அள்ளிப் பிடித்தான். நானும் அவனுடைய ஐந்தையும் பிடித்தேன். பிறகு தரகன் எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கையை நீட்டினான், நாங்கள் பிடித்தோம். உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று காபிக்குச் சொன்னான். எங்களில் எப்போதும் உற்சாகமான ஆள் அவன்தான்.

வைகாசியில் எனக்குச் சிலமலையில் நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. பெண் வீட்டார் தேவாரத்துப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்திருந்தார்கள். எனக்கு இருந்ததெல்லாம் ஒரு கரும்பலகை, அதுவும் சர்க்காருடையது. அவளை நான் பார்த்தது இரண்டு முறை. இரண்டு முறைக்கு இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போடுவதே பெரிய காரியமாகிவிட்டது. உடற்பயிற்சி நான்காம் பாடத்தோடு நின்றது. நண்பர்கள் கேட்ட மாதமெல்லாம் ஒரு பாடம் கூட்டிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகன் கையில் ஒரு விரலைப் பிடித்தேன். அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தொழில் சுத்தம்.

கணக்கப்பிள்ளை கையில் ஐந்தைப் பிடித்தேன். மலையில் தனியாகக் கிடக்கிறவனிடம், அதுவும் நானே அனுப்பிவைத்தவனிடம், என் ஒப்பாரியை எப்படி இறக்கிவைப்பது? அவனும் என் ஐந்தையும் பிடித்தான். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. மழையோடு மழையாக அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, குளிர் என்றான். பேச்சு குறைந்திருந்தது, அங்கே பேச யார் இருக்கிறார்கள் என்றான். எதைக் கேட்டாலும் தோட்டத்து மலையாளிகள் மாதிரி "சாரமில்ல" என்று சொல்லப் பழகியிருந்தான். பரவாயில்லை என்று அர்த்தம். போடியின் அதுக்கென்னவுக்கு மலைமேல் அதுதான் பேர் போலிருக்கிறது. புல்புல்தாராவில் புதிதாக மூன்று பாட்டுத் தேறிவிட்டதாகச் சொன்னான். என் கையில் மாதா மாதம் ஐந்து விரல். கண்ணை நம்பாமல் கையை நம்பினேன். கணக்கில் தோற்றவனுக்கு எண் என்றால் ஒரு பயபக்தி உண்டு.

ஐப்பசியில் அவன் வரவில்லை. காபி கிளப்பில் நானும் தரகனும் உட்கார்ந்திருந்தபோது, தோட்டத்திலிருந்து லோடு கொண்டுவந்த ஆள் ஒருவர் எங்களைத் தேடி வந்தார்.

"வாத்தியாரய்யா, கணக்கப்பிள்ள நாலு நாளா எந்திரிக்கல. காய்ச்சல்தான், ஆனா காய்ச்சல் மட்டும்னு தோணல. கஞ்சி கொண்டாந்து வச்சா சாரமில்லங்கிறாரு. செவுத்துப் பக்கமே திரும்பிப் படுத்திருக்காரு" என்றார்.

சுவர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அந்தச் சிலமலைக்காரன் ஞாபகம்தான் வந்தது. அவர் போனதும், போன மாதம்கூட ஐந்து விரல் கொடுத்தானே என்று நான் புலம்பினேன்.

தரகன் பேரேட்டை மூடினான். தெருவைப் பார்த்தபடியே, "எனக்கு ஒண்ணுதான் கொடுத்தான் மாப்ளே. ஆனியில இருந்தே ஒண்ணுதான்" என்றான்.

நான்கு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். கிளப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"துண்டுக்கடியில சொன்னத எப்பிடி வெளிய சொல்றது? நீயும்தான் ஒண்ணு கொடுத்த. நான் அவன்கிட்ட சொன்னேனா?"

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை, அதுதான் எரிச்சல். ஊரிலேயே நேர்மையான தரகன் என் சிநேகிதன். அந்த நேர்மையில் ஒருவன் செத்தே போயிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவரின் பட்டாளத்துப் பழைய ஜீப்பைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். மலைச்சாலையின் உச்சியில் மெட்டு வரைக்கும் ஜீப்பு, அதற்கு மேல் நடை. ஏலச் செடிகளுக்குள் நுழைந்ததும் பனி ஆளை ஆள் தெரியாமல் மூடிக்கொண்டது. அட்டை ஏறினால் பிடுங்கக்கூட நிற்காமல் தரகன் எனக்கு முன்னால் வெரசாக நடந்தான்.

காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகர அறை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஆணியில் புல்புல்தாரா தொங்கியது. தந்தியெல்லாம் துரு; கட்டைகள் ஈரத்தில் ஊதிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதில் யாரும் இந்த மழைக்காலத்தில் ஒரு பாட்டும் வாசித்திருக்க முடியாது.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்தவுடனே, இவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது மாதிரி, கம்பளிக்குள் என் கையைத் தேடினான். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை.

தரகன் எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இருவர் பேசும்போது மூன்றாமவன் பார்க்கக் கூடாதல்லவா?

என் கையை உருவிக்கொண்டு, அவன் கையில் ஒரே ஒரு விரலைப் பிடித்தேன். சுண்டுவிரல்.

அவன் என்னையே பார்த்தான். "எப்பருந்து?" என்றான்.

"வைகாசி. அந்தச் சிலமலைப் பொண்ணு விஷயம். உனக்கு?"

"மழ இறங்கினதுல இருந்து" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ அஞ்சு கொடுத்துக்கிட்டே இருந்த. எனக்கு வேல வாங்கிக் கொடுத்துட்டுச் சந்தோசமா இருக்கிறவன்கிட்ட நான் எப்பிடிக் கொறச்சுக் கேக்கறது?" என்றான்.

நான்கு மாதமாக அவன் எனக்குக் கொடுத்துவந்த விலையை வைத்தவன் நானேதான். என் பொய்க்குச் சில்லறை மாறாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறான். நான் அழுதேன். அதை எழுதுவதில் வெட்கம் இல்லை; அழாமல் இருந்திருந்தால்தான் வெட்கப்படவேண்டும். வாசலில் நின்றவன் அதையும் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் கம்பளியில் கட்டித் தூக்கி அவனை மெட்டு வரை கொண்டுவந்தார்கள். இனி இந்த மலைக்கு அவனை அனுப்புவதில்லை, முதலாளியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் பாதி வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஜீப்பின் பின்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் அவனை உட்காரவைத்தோம். தலை என் தோளில். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திரும்பத் திரும்ப, தரகன் வேடிக்கையாக ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி நர்ஸைப் பற்றி, கஞ்சியைப் பற்றி, புல்புல்தாராவை இனி விறகுக்குப் போடலாம் என்று. நான் தரகன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதத்தில் அந்தக் கை நீண்டிருக்கிறது, நாங்கள் பிடித்திருக்கிறோம். அது எங்கள் விரலைப் பிடித்ததே இல்லை. நாங்கள் ஒருவரும் கேட்டதும் இல்லை.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, குறுக்கே போட்டு, அதற்குக் கீழே என் கையை நீட்டினேன்.

"தரகனுக்கு ஏது மாப்ளே சொந்த வில?" என்று சிரித்தான். நான் கையை எடுக்கவில்லை. இரண்டு வளைவு போயிற்று. பேச்சு நின்றது. மூன்றாவது வளைவில் துண்டுக்குக் கீழே என் ஒரு விரல் பிடிபட்டது. விடவில்லை.

விதிப்படி நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கவேண்டும். மூடியதன் லட்சணம் என் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தது. அவன் காதருகில் குனிந்து, "இவனும் ஒண்ணுதான்டா" என்றேன்.

கணக்கப்பிள்ளை கண்ணைத் திறந்தான். தரகன் என்னை முறைத்தான். தொழிலையே கெடுத்துவிட்டாய் என்றான். பிறகு முகம் ஒரு மாதிரியாகி, "காரணம்னு ஒண்ணும் இல்ல மாப்ளே. காலையில எந்திரிச்சா அப்பிடித்தான் இருக்கு. தீப்பெட்டிப் படம்கூட ஆடியில இருந்து ஒரே பக்கத்தத்தான் காட்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு பேரும் பிரமாதம் பிரமாதம்னு பார்த்தீக" என்றான்.

முதலில் சிரித்தது காய்ச்சல்காரன்தான். இருமிக்கொண்டே சிரித்தான். அப்புறம் தரகன். அப்புறம் நான். டிரைவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும் என்று சந்தேகத்தோடு கேட்டார்.

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று விரல். எங்களில் ஒரே ஒருவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லவே இன்னும் இரண்டு விரல் வேண்டியிருந்தது.