மூழ்கிய வயலுக்கு மேலே இரண்டு முறை

மழை விட்டு மூன்று நாளாகியும் வயலில் தண்ணீர் இறங்கவில்லை. தூர் கட்டிய சம்பாப் பயிர் முழுதாக மூழ்கிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் அப்படியே நின்றால் அழுகிவிடும் என்றார் அப்பா. வடிகால் எங்கோ அடைத்திருந்தது; எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. வாய்க்காலும் வரப்பும் ஒரே தண்ணீராகிவிட்டதால் நடந்து போய்த் தேட வழியில்லை. முந்தைய நாள் முழுக்க ரோட்டு மதகில் நின்று ஆகாயத்தாமரையை வாரிப் போட்டும் ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை.

என்னிடம் ஒரு சின்ன கேமரா ட்ரோன் இருந்தது. பட்டுக்கோட்டையில் கல்யாணப் படம் எடுப்பவரிடம் பழையதாக வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, பக்கத்து வயல்காரரான சித்தப்பா, பயிர் செத்துக் கிடக்கையில் துரைக்கு விளையாட்டு கேட்கிறதா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

ரோட்டிலும் கணுக்கால் தண்ணீர். காய்ந்த இடம் என்று இருந்தது அங்கே நின்ற டிராக்டரின் டிரெய்லர் ஒன்றுதான். அதன் இரும்புத் தளத்தில் ட்ரோனை வைத்தேன். திசைகாட்டியில் கோளாறு என்று போனில் எச்சரிக்கை வந்தது. தள்ளிவிட்டு மேலே ஏற்றினேன்.

ஏறியதும் வட்டமடிக்கத் தொடங்கியது. வட்டம் பெரிதாகி, காற்றோடு தெற்கே இழுத்துக்கொண்டு போனது. திரை ஆறு மீட்டர் உயரம் என்றது. கண்ணுக்கோ ஆள் உயரம்கூட இல்லை. அது உயரத்தைக் கணிப்பது காற்றழுத்தத்தை வைத்து. பலமாகக் காற்றடித்தால் கணக்கு தப்பும். தாழப் பறக்கும்போது அடியில் இருக்கும் கண் தரையைப் பார்த்து நிதானித்துக்கொள்ளும். ஆனால் வானத்தையே திருப்பிக் காட்டும் தண்ணீரைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. இதெல்லாம் இங்கிலீஷ் கையேட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; அகராதியை வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன். அப்படிப் படித்தவன்தான் அன்று எச்சரிக்கையைத் தள்ளிவிட்டேன்.

"தானா திரும்பி வர்ற பட்டன் இருக்குன்னியே, அத அமுக்கேண்டா" என்றார் சித்தப்பா.

"அமுக்கினா இன்னும் தூரமாப் போயிடும் சித்தப்பா. அதுக்கு இப்ப திசையே தெரியல."

திரையில் தெரிந்த எண்ணை விட்டுவிட்டு, மின்கம்பத்தை அளவாக வைத்து உயர்த்தினேன். ரிமோட்டின் குச்சியைக் கொஞ்சம் தள்ளி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, மறுபடி தள்ளி, கண்ணாலேயே கொண்டுவந்தேன். அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். தலைக்கு மேல் வந்ததும், கோழியைப் பிடிப்பதுபோல் அடியிலிருந்து வயிற்றைக் கவ்விப் பிடித்தார்.

டிரெய்லரின் இரும்புதான் திசைகாட்டியைக் குழப்பிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "இரும்பு ஆவாதுன்னா வேற எதுல வைக்கணும்? படிச்சவன், நீ சொல்லு தம்பி" என்றார்.

பிளாஸ்டிக் என்றேன். சித்தப்பாவே வீட்டுக்குப் போய்ச் சிவப்பு நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். டிராக்டரை விட்டுத் தள்ளி, ரோட்டுத் தண்ணீரிலேயே அதைப் போட்டோம். திசைகாட்டியைச் சரிசெய்து, எச்சரிக்கை போகும்வரை காத்திருந்து, தென்னை மரங்களுக்கு மேலே ஏற்றினேன். இந்த முறை கட்டி வைத்தாற்போல் நின்றது.

எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். வடிகாலின் கடைசித் திருப்பத்தில் ஒரு தென்னை குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஆகாயத்தாமரை மெத்தையாக அடைந்திருந்தது; அந்தப் பக்கம் கரை தெரிய வாய்க்கால் வடிந்து கிடந்தது.

"எம் மரம்டா அது" என்றார் சித்தப்பா மெதுவாக. சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அடங்குவதற்குள் அவர்தான் முதலில் அரிவாளை எடுத்தார்.

மார்பளவு தண்ணீரில் போய், பொழுது சாய்வதற்குள் மரத்தைத் துண்டு போட்டு இழுத்தோம். தண்ணீர் இரைந்துகொண்டு கிளம்பியது. மறுநாள் காலையில் பயிரின் நுனிகள் சேறு அப்பியபடி வெளியே நின்றன. அப்பா ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பிழைத்துவிட்டது என்றார். எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. கூவினேன்.