நூறு வருடத் தட்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் அறைக்கு அப்போது நான்தான் ராஜா. ராஜ்ஜியம் என்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓயாமல் கடகடக்கும் மின்விசிறி. குழந்தைகள் டீ-ஷர்ட்டில் அச்சடிக்கிற கரடி, பூனை, கப்பல் எல்லாம் என் மவுஸிலிருந்து பிறந்தவை. கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. ஃபிளாப்பியிலோ ஒரு கரடியின் காதுகூட அடங்காது. முதலாளியை நச்சரித்து சிடி ரைட்டர் வாங்கவைத்தேன்.

"இதுல போட்டா எத்தன நாளைக்குங்க தாங்கும்?" என்றார் அவர்.

சிடி டப்பாவில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: நூறு வருடம். துவைத்தால் சாயம் போகாது என்று அட்டையில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிற தொழிலில் இருந்துகொண்டு, அட்டையில் இருந்ததை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

ஒரு வருடப் படங்கள் மொத்தத்தையும் ஒரே சிடியில் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். இன்னொரு பிரதியா? நூறு வருடம் நிற்கிற பொருளுக்கு எதற்கு ரெண்டு!

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், கத்தரிக்கோல், இஞ்சு டேப் வரைக்கும் சந்தனம் வாங்கிக்கொண்டன. என் சிடி மட்டும் என்ன பாவம் செய்தது என்று கீபோர்டு மேல் எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் என் கோழிக் கிறுக்கல் இருந்ததால் படங்கள் பதிந்திருந்த பளபளக்கும் பக்கத்தை மேலே திருப்பினேன். சாமிக்கு முன்னால் அழகாக இருக்க வேண்டுமல்லவா? முதலாளி பக்தியோடு அதில் பெரிய பொட்டாக வைத்தார்.

விடுமுறை முடிந்து வந்தபோது சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் பனியன் கம்பெனிக்காரனுக்குக் கறை என்றால் செக்கிங் பிரிவுதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே ஓர் அக்கா, மருந்து பீய்ச்சும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு துணியிலிருந்து கறைகளை ஓட ஓட விரட்டுவார்.

"இவ்வளவுதானா? குடு கண்ணு" என்றார்.

ஒரே பீய்ச்சல். சந்தனம் போனது. கூடவே பளபளப்பும் போய், அந்த இடம் புரை விழுந்த கண் மாதிரி வெளுத்தது. நான் சிடியை உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயம்.

நாலு மாதம் கழித்து எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ரிப்பீட் ஆர்டர் வந்தது. சைக்கிள் ஓட்டும் கரடி, அதே ஆறு நிறம், இம்மி பிசகக் கூடாது. சிடியைப் போட்டேன். டிரைவ் உறுமியது, முனகியது, கடைசியில் வெளியே துப்பியது. துணியில் அச்சடித்த ஸ்கிரீன் சட்டங்களை எப்போதோ கழுவி வேறு படம் ஏற்றியாயிற்று. சாம்பிள் பீஸையும் யாரோ கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். பையரிடம் கேட்டால் படத்தைத் தொலைத்த கம்பெனி என்று பெயர் வாங்கலாம்.

"நூறு வருஷமுன்னு சொன்னீங்களே தம்பி" என்றார் முதலாளி. "திங்கக்கிழமை படம் பிரிண்டிங்குக்குப் போகோணுங்க. இல்லீன்னா நீங்க வேற கம்பெனி பாத்துக்கோங்க."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வேலைதான் போகப்போகிறது. என் புத்தியை நொந்துகொள்வதை விட்டுவிட்டு அக்காவிடம் போய்க் கத்தினேன். அவர் பதறிப்போய் சிடியை வாங்கி, மேசையில் கிடந்த வேஸ்ட் துணியால் தேய்க்க ஆரம்பித்தார்.

"அழுத்தித் தொடச்சா செரியாயிரும் கண்ணு."

அவர் கைக்குள் ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றியது.

துணியைப் பிடுங்கி விரித்தேன். குட்டி டீ-ஷர்ட். முன்பக்கம் கரடி முழுசாக, ஆறு நிறத்தோடும் இருந்தது. முதுகில் ஓர் எண்ணெய்க் கறை. அந்தத் துப்பாக்கிக்கும் அடங்காத கறை என்பதால் ரிஜெக்ட் ஆகி வேஸ்டுக்கு வந்திருக்கிறது. கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஸ்கேன் செய்து, நிறம் நிறமாக மறுபடி வரைந்து, திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன். முதலாளி படத்தைவிட அந்தத் துணியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இனி டிசைனுக்கு ஒரு டீ-சர்ட்டு பீரோவுல இருக்கோணுங்க."

அடுத்த ஆயுத பூஜைக்குக் கரடி டீ-ஷர்ட்டை அவரே கீபோர்டு மேல் விரித்து, கரடியின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார். விடுமுறை முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டு நானே துவைத்தேன். சந்தனம் போய்விட்டது. கரடி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.