ஷ்யாமளா நிரப்பிய படிவம்

ஷ்யாமளாவைக் கெட்டிக்காரி இல்லை என்று சொல்ல, அவர்கள் குடியிருக்கும் அமெரிக்க ஊரான பார்சிப்பனியில் ஆள் கிடையாது. மருந்து கம்பெனி ஒன்றில், மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் பதினொரு வருஷமாக அவளுக்கு வேலை. ஒரு கமா இடம் மாறி நின்றால்கூட விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு பக்கப் படிவத்தில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள்.

படிவம் மகள் கயலின் பள்ளியிலிருந்து வந்தது. கயல் இரண்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில்தான் பிள்ளைகளைச் சலித்து, அதிபுத்திசாலிகளுக்கான கிஃப்டட் புரோகிராமுக்கு எடுப்பார்கள். ஒரு பரீட்சை, வகுப்பு டீச்சரின் மதிப்பீடு, பெற்றோர் நிரப்பித் தரும் படிவம், இந்த மூன்றையும் ஒரு குழு சேர்த்துப் பார்க்கும். பரீட்சைக்காக ஷ்யாமளா நாலு மாதம் பயிற்சிப் புத்தகங்களாக வாங்கிக் குவித்து, பெண்ணின் உயிரை வாங்கினாள். படிவத்தை மட்டும் சாம்பார் கொதிக்கிற நேரத்தில் முடித்துவிட்டாள்.

பெரியவர்களிடம் வாதாடுவாளா என்று கேட்டது படிவம். ஒருபோதும் இல்லை. விதிகளை ஏன், எதற்கு என்று கேட்பாளா? ஒருபோதும் இல்லை. கொடுத்த வேலையில் சலிப்புத் தட்டி வேறு எதையாவது யோசிப்பாளா? சேச்சே, ஒருபோதும் இல்லை. பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். மன்னார்குடியில் அவள் படித்த பள்ளியில், எதிர்க்கேள்வி கேட்ட பிள்ளை வெயிலில் முட்டி போட்டது. அங்கே பன்னிரண்டு வருஷமும் நல்ல பெண் என்று பேர் எடுத்தவள் வேறு எப்படி நினைப்பாள்?

படிவத்தில் எழுதியது அத்தனையும் பச்சைப் பொய். கயல் வாயைத் திறந்தால் வக்கீல்கூடத் தோற்றுப் போவார். வெந்நீரில் குளித்தால் சளி போகுமென்றால் வெந்நீரைக் கண்டுபிடிக்காத காலத்து மனுஷனுக்கு எப்படிப் போச்சு என்று அரைமணி நேரம் நிறுத்தி வைத்துக் கேட்பாள். வீட்டு வண்டவாளம் வெளியே தெரிய வேண்டாமென்று ஷ்யாமளா தினமும் பஸ் ஏற்றும்போது சொல்லி அனுப்புவாள்: "இதெல்லாம் வீட்டோட இருக்கட்டும். ஸ்கூல்ல வாய் காட்டாதே."

மார்ச்சில் கடிதம் வந்தது. பரீட்சையில் கயல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேலே. டீச்சரோ அமைதியான பிள்ளை, சொன்னதைச் செய்யும் என்று எழுதியிருந்தார். பெற்றோர் படிவத்தில் கிடைத்த மார்க் வகுப்பிலேயே குறைவு. தேர்வாகவில்லை, பத்து நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

கணவன் அனந்தராமன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "வாதாடினா புத்திசாலின்னு மார்க்காம், ஷ்யாமளா. நீ எல்லாத்துக்கும் ஜீரோ வாங்கிக் குடுத்திருக்கே."

அவளுக்கு அடுத்த ஒன்பது நாளும் சோறு இறங்கவில்லை. இது போனால் ஆறாம் வகுப்பில் நல்ல கணக்கு வகுப்பு போகும், அது போனால் ஹைஸ்கூலில் எல்லாமே போகும் என்று மனசுக்குள்ளே காலேஜ் வாசல் வரை கதவு கதவாகச் சாத்திக்கொண்டே போனாள். ஆபீசில் ஒரு அறிக்கையில் தேதி தப்பாக இருந்ததைக் கவனிக்காமல் விட்டாள். அது அவள் சரித்திரத்திலேயே நடக்காத காரியம்.

பத்தாம் நாள் காலையில் கயலைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். காரை விட்டு இறங்கும்போது, பழக்கதோஷம், "உள்ளே மரியாதையா நடந்துக்கோ" என்றாள்.

கயல் வராந்தாவில் உட்கார்ந்தாள். உள்ளே, புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் ஷ்யாமளா வெட்கத்தை விட்டுச் சொன்னாள். நான் எழுதியது பொய், என் பெண் ஓயாமல் வாதாடுவாள், எனக்கு அது அவமானமாக இருந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. "கடிதம் போன பிறகு படிவத்தை மாற்றக் கேட்கும் ஆறாவது பெற்றோர் நீங்கள்" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார். "கயலையே கேட்டுப் பார்த்துவிடலாமே."

கயல் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் சொல்வது தப்பு என்று உனக்குத் தோன்றினால் என்ன செய்வாய் என்று அந்த அம்மாள் கேட்டார்.

கயல் அம்மாவைப் பார்த்தாள். சொல்லு, எல்லாவற்றையும் கொட்டு என்று ஷ்யாமளா கண்ணை விரித்துத் தலையை ஆட்டினாள். விருந்தாளிகள் முன்னால் இத்தனை வருஷமாக அதே கண்ணால்தான் அவளை அடக்கியிருக்கிறாள். பாவம், குழந்தைக்கு எப்படித் தெரியும்?

"ஐ லிசன் டு மை எல்டர்ஸ்" என்றாள் கயல், கையைக் கட்டிக்கொண்டு. "ஐ நெவர் ஆர்க்யூ."

அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். இன்னும் இரண்டு கேள்வி, இன்னும் இரண்டு நல்ல பதில். முடிவில் மாற்றமில்லை என்று கனிவாகவே சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பிக் கதவைச் சாத்தினார்.

பார்க்கிங்கில் கார் கதவைத் திறக்கும் முன்பே கயல் ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, தட் வாஸ் எ லை. லை பண்றது தப்புன்னு நீதான் சொன்னே. நீ சொன்னதைக் கேக்கலைன்னாலும் தப்பு. ரெண்டும் தப்புன்னா எது பெரிய தப்பு? நான் எதைப் பண்ணியிருக்கணும்?"

"இதை உள்ளே கேட்டிருக்கலாமேடி" என்றாள் ஷ்யாமளா, அழாத குறையாக.

"நீ கேக்க விடவே இல்லையே" என்றாள் கயல்.