சத்தத்தைக் குறைத்தால் தெரியும்

என் வீட்டுக்காரர் சாவி வெட்டிக் கொடுப்பவர். கடைத்தெரு முனையில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை அது. எவர் வீட்டுப் பூட்டையும் திறந்துவிடுவார். சொந்த வீட்டுச் சாவியை மட்டும் மறந்துவிட்டு வந்து, "கொஞ்சம் திறம்மா" என்று வாசலில் நிற்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு, காதோரம் நரைத்த பிறகு, கிட்டார் ஆசை வந்தது.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்களே, அந்தக் கணக்கில் இதுவும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். போகவில்லை. பகலெல்லாம் சாவி வெட்டும் மெஷினின் கிறீச்சு, மாலையானால் கம்பியின் கிறீச்சு. அவருக்குப் பழகிப்போன காது. என் காது என்ன பாவம் செய்தது?

வழி காட்டியது எங்கள் மகள். விடுமுறைக்கு வந்தவள் அவர் போனில் என்னவோ தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, இதுக்குப் பேரு பேக்கிங் டிராக். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் இருக்கும். கிட்டார் மட்டும் இருக்காது. அந்தக் காலி இடம் உங்களுது."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அனுபவிக்க நான் இருந்தேன். சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஸ்பீக்கர், அதிலிருந்து போனுக்கு ஒரு வயர், பக்கத்தில் முக்காலி போட்டு இவர். முதலில் டிராக்கின் வேகத்தைக் குறைத்து வைத்து, ஆமை நடையில் வாசித்தார். கை பழகப் பழக வேகத்தைக் கூட்டினார். ஒவ்வொரு டிராக்கும் தொடங்கும் முன் 'டிக், டிக், டிக், டிக்' என்று நாலு தட்டு வரும். அது முடிந்ததும் இவர் கை கம்பியில் விழும். மெல்ல மெல்ல, கேட்கும்படி இருந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னலை மூடுவதை நிறுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரே ஒரு தடவையாவது மேடையில நாலு பேரோட சேர்ந்து வாசிச்சிடணும்மா" என்றார் ஒரு நாள். அச்சகத்து மாடியில் ஒரு மெல்லிசைக் குழு ஞாயிறுதோறும் ஒத்திகை பார்க்கும். கல்யாணம், ஆபீஸ் விழா என்று போய் வாசிப்பார்கள். அதில் கிட்டாருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்:

"டிரம்ஸ்காரர் எடுத்த எடுப்புல ஆரம்பிச்சிட்டாரு. நான் அந்த நாலு டிக்குக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. பிந்திப் போனதைப் பிடிக்கப் போய், எல்லாருக்கும் முன்னால் ஓடியிருக்கிறார். பாடுகிற பெண் ஓர் இடத்தில் இழுத்துப் பாட, இவர் அடுத்த வரிக்கே போய்விட்டார். குழுவை நடத்தும் கீபோர்டுக்காரர் பாட்டை நிறுத்தி, இவர் பழகிய விதத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, டிராக்கோட வாசிக்கிறது வேற, ஆளுங்களோட வாசிக்கிறது வேற. வீட்டுலயே வாசிங்க, நல்லா பொழுது போகும்" என்றாராம். கிட்டார் பரண் ஏறியது.

எனக்கு வந்ததே கோபம்! என் புருஷனை மட்டம் தட்ட எனக்குத்தான் உரிமை, ஊரான் யார்? ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு நானே முக்காலி போட்டு ஏறி, கிட்டாரை இறக்கித் தூசி தட்டி அவர் மடியில் வைத்தேன்.

"சோறு வேணும்னா வாசிங்க" என்றேன்.

வாசித்தார், சுரத்தே இல்லாமல். அப்போதுதான் என் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கர் அலறலில் ஒன்றும் கேட்கவில்லை. டிராக்கை நிறுத்தினால் இவர் கத்துவார் என்று, ஸ்பீக்கரின் திருகை மட்டும் அடியோடு குறைத்தேன். உள்ளே டிராக் ஓடிக்கொண்டிருந்தது, இவரும் வாசித்துக்கொண்டிருந்தார். பேசி முடித்துச் சத்தத்தைக் கூட்டினால், டிராக் சரணத்தில் இருக்கிறது, இவர் பல்லவிக்கே திரும்பிவிட்டார்!

"அவ்வளவு அவசரமா எங்கே போறீங்க? பஸ்ஸா கிளம்புது?" என்றேன்.

அவர் ஃபிரிட்ஜையே வெறித்துப் பார்த்தார். "இன்னொரு தடவை குறைம்மா" என்றார்.

அன்றிலிருந்து அதுவே விளையாட்டு. நான் நினைத்தபோது குறைப்பேன், நினைத்தபோது கூட்டுவேன். டிராக்கை விட்டு விலகியிருந்தால் பாத்திரம் அவர் தேய்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் நான். ஆரம்பத்தில் எனக்கு ராஜபோகம்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டு "பால் பொங்குது!" என்று கத்துவேன், அவர் தாளம் சிதறும். தேய்த்துத் தேய்த்து, சாவி வெட்டிக் கறுத்த விரலெல்லாம் வெளுத்துப் போயின. ஆனால் மனிதர் விடவில்லை. காலால் தாளம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இல்லாத டிரம்ஸைக் கேட்கப் பழகினார். ஒரு நாள் நான் சத்தத்தைக் கூட்டியபோது, டிராக்கின் அடியும் அவர் கையின் அடியும் ஒன்றாக விழுந்தன. கரண்டியைப் போட்டுவிட்டுக் கை தட்டினேன். அப்புறம் பாத்திரம் என் பக்கம் வர ஆரம்பித்தது.

பூட்டு ரிப்பேருக்குக் கடைக்கு வந்த டிரம்ஸ்காரர் வாய்தவறிச் சொன்னார், இவருக்குப் பதிலாகக் குழுவில் சேர்த்த கிட்டார்காரர் வெளியூருக்குப் போய்விட்டார் என்று. இவர் தயங்கினார். "நானும் வர்றேன், கிளம்புங்க" என்று ஸ்பீக்கரைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாடியில் கீபோர்டுக்காரர் எங்களைப் பார்த்ததும், "இன்னும் டிராக்தானா? சரி, போடுங்க" என்றார். இவர் ஒரு பாட்டு பிசகாமல் வாசித்தார். கீபோர்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா டிராக் உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. அது கையை விட்டா விழுந்துடுவீங்க."

இவர் அடுத்த பாட்டைப் போட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதிப் பாட்டில் எழுந்து போய்த் திருகை அடியோடு குறைத்தேன்.

"என்னக்கா பண்றீங்க?" என்றார் கீபோர்டுக்காரர்.

"சும்மா கேளுங்க தம்பி."

இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதானே. கூடத்தில் அவர் கிட்டார் மட்டும் ஒலித்தது. சரணம் முடிந்து, இடையிசை தாண்டி, அடுத்த சரணம் வந்தது. என் கை திருகின்மேலேயே இருந்தது. இன்று மட்டும் பிசகினால் இந்த மனிதர் இனிக் கிட்டாரைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். கீபோர்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விரலைக் காட்டி அடக்கிவிட்டு, திருகை முழுவதும் திருப்பினேன்.

டம்! டிராக்கும் அவரும் ஒரே அடியில் விழுந்தார்கள். மயிரிழை பிசகவில்லை.

"அடேயப்பா!" என்று டிரம்ஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, டிராக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தாளத்தை ஆரம்பித்தார். நாலு டிக் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் ஒரு கணம் காதைக் கொடுத்தார், கை சரியான இடத்தில் இறங்கியது. பாடுகிற பெண் சேர்ந்துகொண்டாள். வேண்டுமென்றே ஓர் இடத்தில் இழுத்தாள். இவர் அவளுக்காகக் காத்திருந்து, அவளோடு சேர்ந்து அடுத்த வரிக்குப் போனார். கடைசியில் கீபோர்டுக்காரரின் கையும் தானாகக் கட்டைகளுக்குப் போனது.

பாட்டு முடிந்ததும் அவர் கேட்டார்: "அண்ணே, சனிக்கிழமை ஒரு கல்யாணம். கறுப்புச் சட்டை இருக்கா?"

இவர் என்னைப் பார்த்தார். "இல்லைன்னா போற வழியிலேயே வாங்கிடுவோம்" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வரட்டுமே, யாருக்கு வெட்கம்?

புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்ததும், தொட்டியில் கிடந்த காலைப் பாத்திரங்களை அவர் கை காட்டினார்.

"சட்டம்னா சட்டம்தாம்மா" என்றார்.

தேய்த்தேன், ஒன்று விடாமல். ஸ்பீக்கர் காய்கறிப் பையிலேயே கிடந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். நான் தட்டைத் தட்டித் தாளம் போட்டேன்.