செருப்பு மட்டும் சுத்தம்

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருச் சாக்கடை ஓரமாக நகராட்சிக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். மழை பெய்து ஓய்ந்தால் வழக்கமாக நடப்பதுதான். மற்றவர்களுக்கு அந்த நெடியில் மூக்கு எரியும். எனக்கு வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். நானும் சிரித்துப் பார்த்திருக்கிறேன், பலனில்லை.

படிப்பை முடித்த கையோடு எனக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. கூடம் சென்னையில், வேலை இங்கே. முழு வெள்ளையாகப் பிறக்கிற இராஜபாளையம் நாய்களில் சில ஏன் செவிடாகின்றன, அது எந்த மரபணுவின் வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் நாய்களுக்கு ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது என் பங்கு. மகள் சயின்டிஸ்ட் ஆகிவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தெருவோ, நாய்க்கு ஊசி போடுகிற பிள்ளை என்று அதைத் திருத்திக்கொண்டது.

பதினோரு மாதம் தினமும் பஸ் ஏறி இராஜபாளையம் போனேன். ஒரு செவிட்டு நாய்கூடக் கிடைக்கவில்லை. இல்லாமலா இருக்கும்? செவிட்டுக் குட்டி பிறந்தது வெளியே தெரிந்தால் அந்த வம்சத்தில் யாரும் குட்டி வாங்க மாட்டார்கள். அதனால் காதும் காதும் வைத்தாற்போலத் தோட்டத்துக்கோ வேறு எங்கோ அனுப்பிவிடுவார்கள். "எங்க வீட்டுல அப்படில்லாம் பொறந்ததே கெடையாதும்மா" என்று எல்லாரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதில். திட்டத்தை நடத்திய பேராசிரியர் சென்னையிலிருந்து போனில் அலுத்துக்கொள்வார். "ஒண்ணுகூட இல்லேன்னா எப்படிம்மா? நல்லாத் தேடுங்க." வீட்டுக்குள் தொலைத்த சாவியைத் தேடச் சொல்கிற தோரணை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சரி சார்" என்பேன்.

அவர் கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்று, செருப்பு. ஒரு வீட்டு நாயின் நோயை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது, ஆகவே வாசலுக்கு வாசல் செருப்பைப் பிளீச்சிங் கரைசலில் முக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதற்கென்று ஒரு டப்பாவும் பவுடர் பொட்டலமும் சுமந்தேன். ஒரு வீட்டிலும் தவறவில்லை. முக்குவேன், உதறுவேன், நோட்டில் டிக் அடிப்பேன். பிறகு அந்தச் சுத்தமான செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போவேன். அடுத்தவர் வீட்டுக்குள் யாராவது செருப்போடு போவார்களா? பதினோரு மாதமும் எனக்கு இது உறைக்கவில்லை. பேராசிரியருக்கும் உறைக்கவில்லை, அவர் கூடத்தில் எல்லாரும் ஷூ போட்டு நடக்கிறவர்கள்.

இராஜபாளையத்தில் சுப்புராஜு மாமா சின்னதாக ஒரு பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் வைத்திருந்தார். உறவில்லை, வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. ரத்தம் எடுத்த இடத்தில் வைத்துக் கட்ட வெட்டுத்துணியெல்லாம் அள்ளிக் கொடுப்பார். ஒரு நாள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அவர் வளர்த்த பெட்டை ஐந்து குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குக் காது கேக்கல பாப்பா. வெளிய சொல்லிராத."

தாய் இருக்கிறது, தகப்பன் இருக்கிறது, கூடப் பிறந்தவை இருக்கின்றன, நடுவில் ஒரு செவிட்டுக் குட்டி. பதினோரு மாத அலைச்சலுக்கு இது ஒன்று போதும்.

"பேரு என்ன மாமா?"

"கூப்புட்டாக் கேக்காததுக்குப் பேரு எதுக்கு?"

அவர் மனைவி சிரித்தார். "காலால தரையத் தட்டு பாப்பா, ஓடியாரும்."

தட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த குட்டி சட்டென்று திரும்பி ஓடிவந்து என் கால்விரலை நக்கியது. அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் இதே விளையாட்டு. ரத்தம் எடுக்க இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார் பேராசிரியர், குட்டி எடை போடட்டும் என்று.

இரண்டாவது வாரம் வேறொரு தெருவில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே நாய் ரத்தமாகக் கழிந்து முற்றத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். எங்கள் கூடத்தில் நச்சுப் பரிசோதனைப் பிரிவும் உண்டு. கையுறை மாட்டிக்கொண்டு, கழிந்ததில் கொஞ்சம் எடுத்துப் புட்டியில் அடைத்தேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசலுக்கு வந்து செருப்பைக் கரைசலில் முக்கி மாட்டிக்கொண்டு, நேரே சுப்புராஜு மாமா வீட்டுக்குப் போனேன். அங்கேயும் முக்கினேன், கழற்றினேன், உள்ளே போய்த் தரையைத் தட்டினேன். குட்டி ஓடிவந்து காலை நக்கியது.

ஐந்தாம் நாள் குட்டிகள் வாந்தி எடுத்தன. அந்த வாரத்துக்குள் ஐந்தும் போய்விட்டன. போனில் சொன்னபோது பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் செவிட்டுக் குட்டிக்கு ரத்தம் எடுத்தாச்சா?"

சுப்புராஜு மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வீட்டில் இருந்த சொந்தத் தம்பி ஒரு குட்டி கேட்டிருந்தார், இவர் தர மறுத்திருந்தார். "அவன்தான் மருந்து வச்சுட்டான். கூடப் பொறந்தவன் செய்யுற காரியமா இது?" விஷம்தான் என்று நிரூபிக்க, குட்டிகள் எடுத்த வாந்தியை ஒரு புட்டியில் அடைத்து என்னிடமே கொடுத்தனுப்பினார். இரண்டு வீட்டுப் புட்டிகளின் ரிப்போர்ட்டும் சேர்ந்து வர ஒன்றரை மாதம் ஆனது. தினமும் போன் செய்தேன். மெஷின் ரிப்பேர் என்றார்கள், ஆள் லீவு என்றார்கள். அதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது.

இரண்டிலும் விஷம் இல்லை. இரண்டிலும் ஒரே வைரஸ். பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்தபோதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

மாமா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப தம்பி இல்லையா?"

"இல்ல மாமா. இது நோய்க்கிருமி."

"நாங்க குட்டிகள வெளியவே விடலையே. எங்கிருந்து வந்துச்சு பாப்பா?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "காத்துல வந்திருக்கும் மாமா" என்றேன். அது காற்றில் வருகிற கிருமி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் என்னை நம்பினார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன்.

திட்டம் முடிந்து கட்டுரை வெளிவந்தது. வீடுதோறும் நுழையுமுன் காலணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நான் எழுதிக்கொடுத்த வரி. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நேற்று அந்த நெடி உள்ளே இருக்க விடவில்லை. பஸ் ஏறிப் போனேன். மாமா இறந்து சில வருடம் ஆகிறது, தம்பியும் இல்லை. பெட்டைக்குப் பிறகு அந்த வம்சத்தில் நாய் கிடையாது. இரண்டு வீட்டையும் நடுச்சுவரையும் சேர்த்து இடித்து டைல்ஸ் ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். உள்ளே இருந்த பெண், "அப்படியே வாங்க மேடம்" என்றாள்.

செருப்போடு உள்ளே போனேன். பின்கட்டு இருந்த இடம் இதுவாக இருக்கும் என்று தோன்றிய இடத்தில் நின்று, ஒருமுறை காலால் தரையைத் தட்டினேன்.

"என் கால்ல வந்துச்சு மாமா" என்றேன்.

அந்தப் பெண் அருகில் வந்து, "தரைக்கா மேடம், செவுத்துக்கா?" என்று கேட்டாள்.