ஏழு மணிக்கு எடுத்த அளவு

சிவாஜினிக்குக் கொங்கிரீட்டை உடைக்காமல் சோதிக்கும் வேலை. ஒரு பக்கத்தில் ஒலியை அனுப்பி, மறுபக்கத்தில் அது வந்து சேரும் வேகத்தைப் பார்ப்பாள். உள்ளே வெடிப்பிருந்தால் ஒலி சுற்றி வரும், வேகம் குறையும். பதினாறு வருடமாக மெல்பேணில் இதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்த வெள்ளிக்கிழமை, நாலு மணி நேர ஓட்டத்தில் இருந்த பனிமலை விடுதியொன்றின் நடைபாலத்தைப் பார்க்கப் போயிருந்தாள். உறைந்தும் உருகியும் அது உள்ளே பழுதாகிவிட்டதோ என்று விடுதிக்காரிக்குச் சந்தேகம். பாலத்தை மூடி வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்குப் பாலம் விறைத்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஐஸ் நிறைந்திருந்தால் ஒலி அதன் வழியே ஓடிவிடும், பழுதும் நல்லதுபோலத் தெரியும். மத்தியானம் உருகும்வரை பொறுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குக் மெல்பேணின் கேரம் டவுன்ஸ் கோயிலில் ஆடி வெள்ளிப் பூசை, அவர்கள் வீட்டு உபயம்.

அளந்தாள். எண்கள் எல்லாம் அழகாக வந்தன. அவற்றை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காரை எடுத்தாள்.

கோயிலில் ஐயர் அவள் குடும்பத்தாரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது கைகூப்பி நின்றாள். பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து ஆட்கள் அந்தப் பாலத்தில் நடப்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

சனி காலை அலுவலகத்துச் சுஜீதனுக்கு போன் எடுத்தாள்.

"ரிப்போர்ட் போயிட்டுதோ?"

"நேற்றே அனுப்பியாச்சு அக்கா. பாலமும் திறந்திட்டினம்."

"நான் பாலத்தை அளக்கேல்லை. ஐஸைத்தான் அளந்தனான்."

"உபயத்துக்கு ஓடி வந்தனீங்கள், என்ன?"

"ஓம்."

"மெஷின் பிழை எண்டு எழுதுவமோ? மெஷின் வந்து மறுக்காது."

"சும்மா இரு. நான் மலைக்குத் திரும்பப் போயிட்டு வாறன்."

விடுதிக்காரிக்குப் போன் எடுத்து, "இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும், பாலத்தை மூடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மலையேறினாள். இரண்டரை மணிக்கு வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கசிந்தது. நடுப்பகுதியில் வேகம் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. மூடுவதற்கு முன் அறுபது பேராவது கடந்திருப்பார்கள் என்றாள் விடுதிக்காரி. பிறகு இவள் கையைப் பிடித்து, இவ்வளவு கவனமானவர்களைக் காண்பது அரிது என்றாள். சிவாஜினிக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

காருக்குள் இருந்து புதிய ரிப்போர்ட்டைத் தொடங்கினாள். முதல் வரியை மூன்று தரம் அழித்தாள். கடைசியில், முந்தைய அளவுகள் காலை ஏழு மணிக்கு, கொங்கிரீட் உறைந்திருந்தது தெரிந்தே, தன்னால் எடுக்கப்பட்டவை என்று எழுதிக் கையொப்பமிட்டாள். முதல் பிரதியை விடுதிக்காரிக்கே அனுப்பினாள்.